வலி தணிப்புக்குச் சட்டம் வகுத்த எல்லைகள்

உயிருக்கு ஆபத்தான நோய் ஒருவருக்கு வந்துவிட்டால் நோயை எதிர்க்கும் சிகிச்சை ஒரு பக்கம் நடக்கும். சில நேரம் அதற்கு வழியில்லாமலும் போகும். அவருடைய வலி, மூச்சுத் திணறல், வாந்தி, படுக்கைப் புண், தூக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணிப்பதும், அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குத் துணை நிற்பதும் இன்னொரு பக்கம் நடக்க வேண்டிய வேலை. இதற்கு ஆதரவு சிகிச்சை என்று பெயர். ஆஸ்பத்திரி வட்டாரத்தில் ‘பாலியேட்டிவ் கேர்’ என்றே சொல்வார்கள். வாழ்வின் கடைசி மாதங்களில் இந்தச் சிகிச்சையைத் தருவதற்கென்றே அமைந்த இல்லம் ஹாஸ்பிஸ்.

இந்த இரண்டுக்குமென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் எதையும் இயற்றவில்லை. போதைப்பொருள் சட்டம் ஒரு மூலையில் இதைத் தொடுகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இன்னொரு மூலையில் தொடுகிறது. மருத்துவமனைகளைப் பதிவு செய்யும் சட்டம் வேறொரு மூலையில். செஞ்சியிலோ அதைச் சுற்றியுள்ள கிராமத்திலோ புற்றுநோயாளி ஒருவர் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும்போது அவருக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை இந்தச் சிதறிய விதிகளே தீர்மானிக்கின்றன.

உலக அளவில் பரவலாக ஏற்கப்பட்ட வரையறை உலக சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்டது. உயிரை அச்சுறுத்தும் நோயால் வரும் துன்பங்களை முன்கூட்டியே கண்டறிந்து, சரியாக மதிப்பிட்டு, உடல், மனம், சமூகம், ஆன்மிகம் ஆகிய எல்லா நிலைகளிலும் தணித்து, நோயாளி, குடும்பத்தார் இரு தரப்பின் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்தும் அணுகுமுறை என்று அது சொல்கிறது. இதில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. சிகிச்சை பெறுபவர் நோயாளி மட்டுமல்ல, குடும்பமும்தான். அடுத்தது, சாவு நெருங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்தே இது தொடங்கலாம். 2014இல் உலக சுகாதாரப் பேரவை, ஆதரவு சிகிச்சையைத் தங்கள் சுகாதார அமைப்போடு இணைக்கும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் தீர்மானம் சட்டமாகாது. செஞ்சிக்காரர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற முடியாது.

சட்டத்திலேயே வரையறை வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஹாஸ்பிஸ் செலவை ஏற்றது. துன்பத்தை எதிர்பார்த்து, தடுத்து, தணித்து, வாழ்க்கைத் தரத்தைக் கூட்டும், நோயாளியையும் குடும்பத்தையும் மையமாகக் கொண்ட பராமரிப்பு என்று அந்நாட்டு விதிகள் ஆதரவு சிகிச்சையை விளக்குகின்றன. நோயாளி தானே முடிவெடுக்கவும், உண்மை நிலையைத் தெரிந்துகொள்ளவும் உதவுவதும் அந்த வரையறைக்குள் அடக்கம். கூடவே ஒரு கணக்கும் வருகிறது. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோதான் உயிர் இருக்கும் என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைக்கான காப்பீட்டுப் பலனை விட்டுக்கொடுப்பதாக நோயாளி கையெழுத்திட வேண்டும். முதலில் இரண்டு 90 நாள் தவணை. பிறகு 60 நாளுக்கு ஒருமுறை மறுசான்று. காசு கொடுப்பவர் எழுதிய வரையறை என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும். மருத்துவத்தில் யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாத சாவின் தேதியை ஒரு காப்பீட்டு விதி ஆறு மாதம் என்று நறுக்கி வைத்திருக்கிறது.

பிரான்ஸ் 1999இல் வேறு வழியில் போனது. நிலைமை கோரும் எந்த நோயாளிக்கும் ஆதரவு சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்று சட்டம் போட்டது. இங்கிலாந்தில் 1967இலேயே சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் முன்னோடி. ஆனாலும் இந்தச் சேவைக்கு ஏற்பாடு செய்வது வட்டார சுகாதார வாரியங்களின் கடமை என்று சட்டம் வெளிப்படையாகச் சொன்னது 2022இல்தான்.

இந்தியா வரையறைக்கு மிக அருகில் வந்தது சட்ட ஆணையத்தின் அறிக்கைகளில். நீதிபதி எம். ஜெகன்னாத ராவ் தலைமையில் ஆணையம் 2006இல் தந்த 196ஆவது அறிக்கையும், நீதிபதி பி.வி. ரெட்டி தலைமையில் 2012இல் வந்த 241ஆவது அறிக்கையும், மீள முடியாத நோயாளிகளின் சிகிச்சை பற்றிய சட்ட வரைவுகளை இணைத்திருந்தன. உடல் வலி, துன்பம், அசௌகரியம், மன, சமூகத் துயரம் ஆகியவற்றைத் தணிக்கத் தேவையான நியாயமான மருத்துவ, செவிலிய நடவடிக்கைகள் ஆதரவு சிகிச்சையில் அடங்கும் என்று ஆணையம் முன்மொழிந்தது. நியாயமான அளவு உணவும் நீரும் தருவதும் அதில் சேரும் என்றது. உயிர்காப்புக் கருவிகளை வேண்டாம் என்று நோயாளி மறுத்தாலும் ஆதரவு சிகிச்சையை நிறுத்தக் கூடாது என்ற கருத்தும் வரைவில் இருந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் இதை ஒட்டிய மசோதா வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

உணவும் நீரும் என்ற அந்தச் சிறு தொடருக்குச் செஞ்சியில் தனிக் கனம் உண்டு. ஊருக்கு வடக்கே சிறுகடம்பூரை ஒட்டி நிற்கும் திருநாதர்குன்றில், பெரும் பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த இடம் அது என்று அக்கல்வெட்டு அறிவிக்கிறது. இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோன்பிருந்து முடித்ததை இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இருக்கிறது. ஆகவே உணவை மறுத்துச் சாவை எதிர்கொள்வது இவ்வட்டாரத்தில் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்ட செய்தி.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்வி 2015இல் எழுந்தது. சல்லேகனை அல்லது சந்தாரா எனப்படும் இந்த நோன்பு தற்கொலைக்குச் சமம், அதற்குத் துணை போவது குற்றம் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பளித்தது. அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சமய நோன்பும் ஆதரவு சிகிச்சையும் ஒன்றல்ல. நோன்பிருப்பவர் துறவின் முடிவாக உணவை விடுகிறார். ஹாஸ்பிஸில் இருப்பவருக்கோ உடல் ஒடுங்கும்போது பசியும் தாகமும் தாமாகவே குறைகின்றன. அப்போது வற்புறுத்தி ஊட்டுவதும் குழாய் வழியே செலுத்துவதும் பல நேரம் துன்பத்தைக் கூட்டவே செய்யும் என்பது மருத்துவ அனுபவம். சட்ட ஆணையம் ‘நியாயமான’ என்ற அடையைச் சேர்த்ததற்கு இங்கே பொருள் இருக்கிறது: கேட்டால் கொடுக்க வேண்டும், மறுத்தால் திணிக்க வேண்டியதில்லை.

இந்தியச் சட்டம் ஆதரவு சிகிச்சையின் கழுத்தை உண்மையில் பிடித்த இடம் வேறு. 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் அது. கடத்தல்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அச்சட்டத்தின் வலையில் மார்ஃபினும் விழுந்தது. முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின் இன்றும் அடிப்படை மருந்து, விலையும் குறைவு. அபினியிலிருந்து எடுக்கப்படும் இம்மருந்துக்கான கசகசாச் செடியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்தோடு விவசாயிகள் பயிரிடுகிறார்கள். காஜிபூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் உள்ளன. உலக மருந்துத் தொழிலுக்கே அபினி தந்த நாட்டில், 1985க்குப் பிறகான பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. சட்டம் மார்ஃபினை மருத்துவத்துக்குத் தடை செய்யவில்லை. ஆனால் வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஒன்று, மாநில எல்லை தாண்ட இன்னொன்று என்று கலால், மருந்துக் கட்டுப்பாடு முதலான பல அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒன்றின் காலம் முடியும் முன் மற்றொன்று கைக்கு வராது. கணக்கில் தவறு வந்தால் பத்தாண்டுச் சிறை என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. மருந்துக் கடைக்காரர்கள் அதை வாங்கி வைப்பதையே விட்டார்கள். ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் எழுதிப் பழகாமலேயே படித்து முடித்தார்கள்.

இந்திய ஆதரவு சிகிச்சைச் சங்கம் 2007இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தது. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய சகாக்களும் ஆண்டுக்கணக்கில் டெல்லி அலுவலகங்களில் ஏறி இறங்கினார்கள். 2014 பிப்ரவரியில், பொதுத் தேர்தலுக்கு முந்தைய கூட்டத்தொடர் முடியும் வேளையில், திருத்த மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. அத்தியாவசிய போதை மருந்துகள் என்ற புதிய வகையை அது உண்டாக்கியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 2015இல் இந்த வகையில் அறிவிக்கப்பட்டன. இவற்றுக்கான விதிகள் இப்போது நாடு முழுவதும் ஒன்றே. பல உரிமங்களுக்குப் பதில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் அங்கீகாரம் போதும்.

அந்த அங்கீகாரம் பெறும் இடத்துக்கு ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ என்று பெயர். வலி தணிப்பில் இந்த மருந்துகளைக் கையாளப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். மருந்துக்கும் கணக்குக்கும் பொறுப்பேற்க ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது, எவ்வளவு மீதி என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒரு ஹாஸ்பிஸ் தன் நோயாளிகளின் வலியை உள்ளபடி தணிக்க வல்லதா என்பதற்கு இந்தியச் சட்டத்தில் உள்ள ஒரே உரைகல் இந்த அங்கீகாரம்தான் என்று சொல்லலாம். அன்பும் தலையணையும் மட்டும் உள்ள இல்லத்தில் முற்றிய புற்றுநோயின் வலி அடங்காது. மருத்துவர் சீட்டின்படி வாங்கிய மார்ஃபினை நோயாளி தன் வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. இதைச் சில காவலர்களுக்கும் பல மருத்துவர்களுக்கும்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

மார்ஃபின் கொடுத்தால் உயிர் சீக்கிரம் போய்விடும், கொடுத்த மருத்துவர் மாட்டிக்கொள்வார் என்ற அச்சமும் குடும்பங்களில் உண்டு. வலியின் அளவுக்கேற்பக் கூட்டிக் குறைத்துத் தரும் மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. கொல்லும் நோக்கமின்றி, நோயாளியின் சம்மதத்தோடு, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த செயலால் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 88ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 26ஆம் பிரிவு அதையே சொல்கிறது.

அடுத்த எல்லை செயற்கை சுவாசக் கருவியைப் பற்றியது. கண்ணியமாக இறப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று ‘காமன் காஸ்’ வழக்கில் தீர்ப்பளித்தது. மீளாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காமல் விடலாம், தொடங்கியதை விலக்கலாம். மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது மட்டும் கூடாது. சுய உணர்வோடு இருக்கும்போதே தன் விருப்பத்தை ஒருவர் எழுதி வைக்கும் முன்விருப்ப ஆவணத்துக்கும் நீதிமன்றம் ஏற்பு தந்தது. ஆனால் நடைமுறையைக் கடினமாக்கிவிட்டது. நீதித்துறை நடுவர் முன் கையெழுத்து, 20 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் கொண்ட குழுக்கள் என்றெல்லாம் கேட்டால் செஞ்சி போன்ற ஊர்களில் எங்கே போவது? நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு 2023 ஜனவரி 24 அன்று இதைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட் பதிவு பெற்ற அலுவலர் முன் கையெழுத்திட்டால் போதும். மருத்துவமனையின் முதல் குழுவிலும், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி ஒருவரை நியமிக்கும் இரண்டாம் குழுவிலும் 5 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்கள் போதும். குழுக்கள் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஊடகங்கள் கருணைக் கொலைக்கு அனுமதி என்றே எழுதின. அந்தத் தலைப்பு ஆதரவு சிகிச்சைக்குச் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் வெளியிட்ட சொல் விளக்க ஆவணம், சிகிச்சையை வரம்புக்குள் நிறுத்துவதையும் ஆதரவு சிகிச்சையையும் கொலையிலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. அது மருத்துவர்களுக்கான வழிகாட்டி. சட்டத்தின் வலிமை அதற்கு இல்லை. நடைமுறையில் நடப்பதோ எல்லோரும் அறிந்தது. ‘இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்பார் மருத்துவர். மருத்துவ அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்வதாகக் குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கப்படும். கருவி போகிறது, அதோடு வலி மருந்தும் போய்விடுகிறது. சட்ட ஆணையம் சொன்ன, கருவி போனாலும் ஆதரவு சிகிச்சை தொடர வேண்டும் என்ற ஒரு வரி சட்டப் புத்தகத்தில் ஏறாததன் விலை இது.

கட்டடம் பற்றிய சட்டம் இன்னும் மங்கல். மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம், நோய்க்குச் சிகிச்சையோ பராமரிப்போ தரும் இடங்களை மருத்துவ நிறுவனம் என்கிறது. தமிழ்நாடு 1997இலேயே இயற்றிய தன் சொந்தச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அதற்கான விதிகள் வெளிவர 2018 ஆயிற்று. மூத்த குடிமக்கள் இல்லங்கள் வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. மருத்துவர் வந்து போகும், இறக்கும் நிலையிலுள்ள ஆதரவற்றோர் தங்கும் ஓர் இல்லம் இதில் எது? 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஹாஸ்பிஸ் ஒன்று பெரும் சர்ச்சைக்கு உள்ளானபோது இந்தக் கேள்வி தெருவுக்கு வந்தது. அதிகாரிகள் சோதனையிட்டார்கள், அங்கிருந்த முதியோர் பல இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள், நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்க, ஹாஸ்பிஸ் என்றால் எத்தனை செவிலியர், என்ன மருந்து, இறந்தவர் பற்றிய பதிவு எப்படி என்று அளந்து பார்க்க அளவுகோல் ஒன்று சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் நல்ல இல்லங்களுக்கும் அது பாதுகாப்பாக இருந்திருக்கும். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸான மும்பை சாந்தி அவேத்னா 1986இல் தொடங்கியது. சென்னை மணலிக்கு அருகே மாத்தூரில் ஜீவோதயா புற்றுநோயாளிகளுக்கு இலவசமாகச் சேவை செய்கிறது. இத்தகைய இல்லங்களின் தரம் நடத்துபவர்களின் மனசாட்சியால் வந்தது. சட்டம் கேட்டு வந்ததல்ல.

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டப்படி மாநிலங்களின் பொறுப்பு. அதனால் சட்டம் விட்ட இடத்தைக் கொள்கைகள் நிரப்ப முயல்கின்றன. கேரளம் 2008இல் ஆதரவு சிகிச்சைக் கொள்கையை அறிவித்து, வீடு தேடிப் போகும் சேவையை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. மத்திய அரசு 2012இல் தேசியத் திட்டம் வகுத்தது. 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை இதை ஆரம்ப சுகாதாரத்தின் பகுதியாக்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு ஆதரவு சிகிச்சையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கையில் புரட்டிப் போடக் குடும்பத்தாருக்குக் கற்றுத் தருவது போன்றவை இத்திட்டத்தின் செவிலியர் செய்யும் வேலை. செஞ்சி வட்டாரத்தின் புற்றுநோயாளிகள் புதுச்சேரி ஜிப்மருக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ அடையாறுக்கோ அலைந்து திரும்பியவர்கள். மருந்துக்காக மறுபடியும் 70 கிலோமீட்டர் பேருந்தில் போக முடியாதவர்களுக்கு இந்தத் திட்டம்தான் ஹாஸ்பிஸ். ஆனால் இது அரசாணையில் நிற்கும் திட்டம். நிதி குறைந்தால் சேவை சுருங்கும். அப்போது உரிமை என்று கேட்பதற்குச் சட்டப் பிரிவு கிடையாது.

இருப்பதைக் கேட்டுப் பெறுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. வீட்டில் படுத்த படுக்கையாக நோயாளி இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆதரவு சிகிச்சைக்குப் பெயரைப் பதிய வேண்டும். பெரிய மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது வலி மருந்துக்கான சீட்டையும், அம்மருந்து கிடைக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரையும் கேட்டு எழுதி வாங்காமல் புறப்படக் கூடாது. கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அதை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைத் தங்கள் மருத்துவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.